தலைப்பகுதி தனியே கழலும் ஜோன் வால்வு: தாராளமாக வாங்கலாம்

வீட்டைச் சூடாக்கும் வெந்நீரை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகத் திறந்து மூடுவதுதான் ஜோன் வால்வு. எங்கள் மாடியின் பழைய வால்வு படுத்திய பாடு கொஞ்சமல்ல. கீழ்த்தளம் சூடு கேட்டால்தான் மாடியும் சூடாகும். மாடி தனியாகக் கேட்டால் வால்வு திறக்கும், தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் எரியாது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மோட்டாருக்கு 24 வோல்ட் சரியாக வந்தது. வால்வு முழுதாகத் திறந்த பிறகும் எண்ட் சுவிட்ச் மட்டும் இணையவில்லை. பாய்லரை எரியச் சொல்வதே அந்தக் குட்டி சுவிட்ச்தான்!

புதிய வால்வில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பட்டனை அழுத்தினால் மோட்டாரும் சுவிட்சும் உள்ள தலைப்பகுதி கையோடு வந்துவிடுகிறது. இனி மோட்டாரோ சுவிட்சோ போனால் குழாய்த் தண்ணீரை வடிக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நாலு ஒயரை மாற்றினால் போதும்: இரண்டு மோட்டாருக்கு, இரண்டு சுவிட்சுக்கு. கையால் திறக்கும் நெம்புகோல் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம், குறுகலான இடத்தில் விரல் எட்டவில்லை.