அலுவலக நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ: ஆறு நிகழ்ச்சி நடத்திப் பார்த்த பிறகு

கணினியிலிருந்தே நேரலை ஒளிபரப்ப உதவும் மென்பொருளான ஓபிஎஸ் என்றாலே கேம் விளையாடுகிற பையன்களின் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் கிளை ஊழியர்கள் எல்லோருக்கும் நிர்வாக இயக்குநர் பேசும் கூட்டம், டீலர்களுக்குப் புதுப் பொருள் அறிமுகம் என்று எதுவாக இருந்தாலும் வெளியாட்களைக் கூப்பிட்டுத்தான் நேரலை செய்வோம். ஒரு தடவை அவர்களால் வர முடியாமல் போக, வேலை என் தலையில் விழுந்தது. அதிலிருந்து இதுவரை ஆறு நிகழ்ச்சி.

2012 முதல் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது, முழுக்க இலவசம், வாட்டர்மார்க் தொல்லையும் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேமரா, ஸ்லைடு, லோகோ, ஏற்கெனவே எடுத்த வீடியோ என்று தனித்தனி சீன்களாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு விசையில் மாற்றலாம். ஸ்டூடியோ மோடைப் போட்டுக்கொண்டால் அடுத்து வரப்போவதை நாம் மட்டும் முதலில் பார்த்துவிட்டு, சரி என்றதும் வெளியே விடலாம். இந்த வசதி இல்லாமல் நேரலை நடத்த இனி எனக்குத் தைரியம் வராது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான்: ஓபிஎஸ் படத்தைத் தயார் செய்து அனுப்பும், அவ்வளவுதான். யார் பார்க்கலாம், எத்தனை பேர் பார்த்தார்கள், கேள்வி எங்கே கேட்பது எல்லாம் அந்தப் பக்கம் இருக்கும், யூடியூப் மாதிரியான ஸ்ட்ரீமிங் சேவையின் வேலை, அதைத் தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

முதல் நிகழ்ச்சியில் மைக் மியூட்டில் இருந்தது. என் தப்புதான், ஆடியோ மிக்சரில் பச்சைக் கோடு ஆடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். பார்ப்பவர்களுக்கு எல்லாமே இருபது விநாடி தள்ளித்தான் போய்ச் சேரும் என்பதால், "சத்தம் வரவில்லை" என்று சாட்டில் வருவதற்குள் இயக்குநர் வணக்கம் சொல்லி, வரவேற்புரை முடித்து, ஒரு நகைச்சுவையும் சொல்லிவிட்டார். அதற்கு யாரும் சிரிக்காத காரணம் அவருக்கு இன்னும் தெரியாது.

அந்த இருபது விநாடிதான் கேள்வி பதில் நேரத்தையும் கெடுக்கும். நிறைய பேருக்குப் போகும் நேரலையில் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புகிறார்கள், பிளேயர் இரண்டு மூன்று துண்டு சேர்த்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கும். இப்போதெல்லாம் பேச்சு நடக்கும்போதே கேள்விகளை வாங்கி வைத்துவிடுகிறேன், கடைசியில் "யாருக்காவது கேள்வி?" என்று கேட்டுவிட்டு மேடையில் எல்லோரும் மௌனமாக நிற்கும் கொடுமை இல்லை.

அப்புறம் இணைய இணைப்பு. வைஃபையில் ஒத்திகை அருமையாகப் போனது, நேரலையில் ஃபிரேம்கள் விழ (இடையிடையே படங்கள் போய்ச் சேராமல் வீடியோ திக்க) ஆரம்பித்துவிட்டன, அன்றிலிருந்து கேபிள்தான். 1080 தரத்துக்கு 4500 கேபிபிஎஸ் (விநாடிக்கு அனுப்பும் தகவலின் அளவு, அதாவது 4.5 எம்பிபிஎஸ்) வைக்கிறேன், அப்லோட் வேகம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் நிம்மதி. நான் கவனிக்காமல் விட்டது பார்ப்பவர்கள் பக்கம்: ஒரே கட்டிடத்தில் 200 பேர் அவரவர் மேசையில் ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் வீதம் இழுத்தால் 800 எம்பிபிஎஸ், அலுவலக இணைப்பு மூச்சுத் திணறிவிடும். கூட்ட அறையில் பெரிய திரை போட்டுச் சேர்ந்து பார்க்கச் சொன்ன பிறகுதான் பஃபரிங் புகார் நின்றது.

நேரலை ஓடும்போதே தனியாகப் பதிவும் செய்யும். எம்கேவி என்ற கோப்பு வடிவத்தில் பதியுங்கள், நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிந்தது கையில் இருக்கும், சாதாரண எம்பி4 என்றால் கோப்பே திறக்காமல் போகலாம். வேண்டுமானால் பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

குறை என்றால், முதல் நாள் அந்த செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் தலை சுற்றும், அவசரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்க ஆளும் இல்லை. பங்குதாரர் கூட்டம் மாதிரி தவறவே கூடாத நிகழ்ச்சிக்கு இன்னமும் வெளியாட்களைத்தான் கூப்பிடுகிறோம். மற்றதெல்லாம் ஒரு லேப்டாப், ஒரு கேமரா, காலர் மைக், ஆடியோவை மட்டும் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள், இவ்வளவில் முடிந்துவிடுகிறது.