இரண்டாம் கியர் அரைப்பு: எண்ணெய் மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கியர் எண்ணெயை மாற்றியதில் அரைப்புச் சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. மீதியை எந்த எண்ணெயாலும் போக்க முடியாது.

கார், செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய 1.5 மேனுவல். ஓட்டமெல்லாம் மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம், எப்போதாவது ஈப்போ. செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் இரண்டிலும் மூன்றிலும் மாறி மாறி ஊர்கிற பாதை. காலையில் ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினாலே ‘கர்ர்’. மூன்றிலிருந்து இறக்கினால் சூடேறிய பிறகும் அதே கதை.

“கியர்ப் பெட்டிய எறக்கி சிங்க்ரோ மாத்தணும் தம்பி” என்றார் கார் பழுதுபார்க்கும் போமேன் அண்ணன். அவர் சொன்னதில் தப்பில்லை, கூலியைக் கேட்டுத்தான் தயங்கினேன். கிளட்ச்சைச் சோதித்தோம். அதை முழுசாக மிதித்து, சற்றுப் பொறுத்து ரிவர்ஸ் போட்டால் சத்தமில்லாமல் விழுந்தது. கோளாறு கிளட்ச்சில் இல்லை.

பழைய சொந்தக்காரர் காரின் பின்பக்க பூட்டில் (சாமான் வைக்கும் இடம்) விட்டுப்போன பாதி போத்தலில்தான் விஷயம் இருந்தது: 85டபிள்யூ-140 (எண்ணெயின் கனம்), ஜிஎல்-5 (கியர் எண்ணெயின் தர வகை). லோரியின் பின் அச்சுக்கு ஊற்றுகிற சரக்கு!

சிங்க்ரோ என்பது பித்தளை வளையம். அது கியரின் கூம்பை உரசிப் பிடித்து வேகத்தைச் சமமாக்கிய பிறகுதான் பற்கள் கோக்க வேண்டும். அதற்கு உராய்வு தேவை. ஜிஎல்-5 எண்ணெயில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பிடிக்க வேண்டிய இடத்தில் வளையம் வழுக்கும். சில வகைகளில் அந்தக் கந்தகம் சூட்டில் பித்தளையையே அரிக்கும். போதாக்குறைக்கு 140 என்ற கனம். விடியற்காலையில் அந்தக் கெட்டி எண்ணெயை விலக்கி வளையம் கூம்பைத் தொடவே நேரமாகும். ‘சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள்தானே, ஜிஎல்-5 நல்லது’ என்பார்கள். எஞ்சின் குறுக்கே நிற்கும் முன்சக்கரக் கார்களில் இருப்பது ஜிஎல்-5 கேட்கிற ஹைப்பாய்ட் பல் (ஒன்றன்மேல் ஒன்று அழுந்திச் சறுக்கும் வகை) இல்லை, சாய்வுப் பல்தான். ஜிஎல்-4 தாராளமாகப் போதும்.

ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். இல்லையென்றால் காலிப் பெட்டியோடு மாட்டிக்கொள்வீர்கள். காந்த முனையில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது, அது வழக்கம். வடிந்த எண்ணெயை வெயிலில் சாய்த்தபோது பொன்துகள் மினுங்கியதே, அதுதான் வளையத்திலிருந்து தேய்ந்த பித்தளை. போனது போனதுதான். காரின் கையேட்டோடு ஒத்துப் பார்த்து 75டபிள்யூ-85 ஜிஎல்-4 வாங்கி, துளையில் வழியும்வரை ஊற்றினோம்.

அன்றே பெரிய மாற்றமில்லை. சில நாள் ஓடிய பிறகு காலை அரைப்பு நின்றது, இன்றுவரை திரும்பவில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இழுத்தால் மட்டும் இன்னும் உறுமும். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்துப் போட்டால் வெண்ணெய்தான். எண்ணெய் மெலிந்ததால் ஐந்தாம் கியரில் இலேசான ‘ஊ’ சத்தம் கூடியிருக்கிறது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

சத்தம் போக்கும் மருந்து என்று கடையில் விற்கும் போத்தல்களை நான் தொடவில்லை. வழுக்கலைக் கூட்டுவதுதான் அவற்றில் பலவற்றின் வேலை. ரிவர்ஸ் மட்டும்தான் கத்துகிறது என்றால் எண்ணெய்க்கும் செலவு செய்யாதீர்கள். பல பழைய கார்களில் அதற்குச் சிங்க்ரோவே கிடையாது. முதலாம் கியரில் ஒருமுறை போட்டுவிட்டுப் பிறகு ரிவர்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.