சிலிக்கா டயர்: கோத்தகிரி ரோட்ல 8 மாசம் ஓட்டிட்டு எழுதுறேன்

பைக் பின் டயர் மே மாசம் மாத்துனது, ஐப்பசி கார்த்திகை மழைய முழுசா பாத்துடுச்சு, அதனால இப்ப சொல்லலாம். வாரத்துக்கு ரெண்டு தடவ மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுறேன், மூடுபனி, தேயிலை லாரி இழுத்துட்டு வர்ற சேறு எல்லாம் சேத்துதான்.

இதுக்கு முன்னாடி இருந்ததும் சிலிக்கா டயர்னு (ரப்பர்ல வலுவுக்கு கலக்குற வெள்ளை பவுடர்தான் சிலிக்கா) சொல்லித்தான் குடுத்தாங்க, பேர் வேணாம். ஈர ரோட்ல வழுக்குச்சு, ஆறே மாசத்துல கட்டை (ரோட்ல படுற ரப்பர் மேடு) துண்டு துண்டா பிஞ்சு வந்துச்சு. மச்சான் கோயமுத்தூர்ல ரப்பர் காம்பவுண்ட் போடுற எடத்துல வேல, பிஞ்ச துண்ட நகத்தால கீறி பாத்துட்டு, சிலிக்கா போட்டிருப்பான், அத ரப்பரோட ஒட்ட வைக்குற சைலேன்ங்குற கெமிக்கல சரியா போட்டிருக்க மாட்டான்னான். (அவன் கணிப்புதான், லேப்ல குடுத்து பாக்கல.)

விஷயம் என்னன்னா டயர்ல வழக்கமா போடுற கார்பன் பிளாக்ங்குற கரித்தூள் ரப்பரோட தானா ஒத்துப்போயிடும். சிலிக்கா அப்படி இல்ல, அது மேல பூரா ஹைட்ராக்சில், தண்ணிய புடிச்சுக்குற ஜாதி, ரப்பரோ எண்ணெய் ஜாதி. சும்மா கொட்டுனா ராகி களி கிண்டத் தெரியாம கிண்டுன மாதிரி கட்டி தட்டிக்கும், அந்த கட்டிய சுத்திதான் ரப்பர் கிழியும், போதாததுக்கு ரப்பர சீக்கிரம் வேக வைக்க (வல்கனைஸ் பண்ண) போடுற ஆக்சிலரேட்டர்ங்குற கெமிக்கலையும் சிலிக்கா உறிஞ்சிக்கும். சைலேன் ஒரு பக்கம் சிலிக்காவ புடிச்சுக்கும், இன்னொரு பக்கம் இருக்குற கந்தகம் வல்கனைஸ் ஆகும்போது ரப்பரோட சேந்துக்கும். மிக்சர்ல சுமார் 140, 150 டிகிரி காட்டணுமாம், கம்மியானா சைலேன் ஒட்டாது, ஜாஸ்தியானா உள்ளயே வேக ஆரம்பிச்சிடும். 1992ல மிஷலின் கம்பெனி கார் டயர கம்மி பெட்ரோல்ல ஓட வச்சது இந்த சிலிக்கா சைலேன் கூட்டணியிலதான். மலிவு செருப்பு அடில சுண்ணாம்பு பவுடர ஸ்டியரிக் ஆசிட் தடவி போடுறாங்க, நல்லா கலக்கும், ஆனா சைலேன் மாதிரி ரப்பரோட சேந்துக்காததால கெட்டியா புடிச்சு நிக்காது.

இப்ப போட்டிருக்குறதுக்கு 700 ரூபா ஜாஸ்தி குடுத்தேன், வயிறு எரிஞ்சது. ஆனா மழைல கொண்டை ஊசி வளைவுல பிரேக் புடிச்சா பின்னாடி ஆட்டமே இல்ல, கட்டை பிய்யல, தேய்மானமும் ஒரே சீரா இருக்கு. கடைக்காரர்கிட்ட சைலேன் போட்டதாண்ணானு கேட்டேன், அவரு டியூப்லெஸ்தான் தம்பின்னாரு. டயர் மேல அச்சடிச்ச சிலிக்காங்குற வார்த்தைய நம்பி வாங்காதீங்க, ஒரு மழைக்காலம் ஓட்டுனவங்கள புடிச்சு கேளுங்க.

முன் டயர் இன்னும் பழசுதான், போனஸ் வரணும்.