மொறட்டுவையா, பேராதனையா, கிளிநொச்சியா?

உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் (Z-score) கைக்கு வந்தாயிற்று. இனிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை விரித்து வைத்து விருப்ப வரிசை எழுத வேண்டும். பொறியியலுக்கு முதலில் எதைப் போடுவது என்று கேட்டால், வீட்டிலும் டியூஷனிலும் மொறட்டுவை என்றுதான் சொல்வார்கள். அது தப்பான பதில் இல்லை. ஆனால் பாதிப் பதில்.

மொறட்டுவை 1960இல் கட்டுபெத்தையில் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமாகத் தொடங்கி, 1978இல் தனிப் பல்கலைக்கழகமானது. மருத்துவமும் கலையும் விஞ்ஞானமும் ஒரே வளாகத்தில் இருக்கும் பேராதனை போன்றதல்ல. பொறியியல், கட்டடக்கலை, தகவல் தொழில்நுட்பம் என்று பெரும்பாலும் தொழில்நுட்பம்தான். கொழும்பு பக்கத்திலேயே இருப்பதால் மென்பொருள் கம்பனிகளும் பக்கம். மாணவர்கள் திறந்த மூல மென்பொருள் எழுதும் கூகுளின் கோடைகாலக் குறிமுறைத் திட்டத்தில் (Google Summer of Code) அதன் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது இந்தக் கம்பஸ்தான். கணினியும் இலத்திரனியலும்தான் உங்கள் கனவு என்றால் முதலாம் இடத்தை இதற்குக் கொடுங்கள்.

ஆனால் ஒரு சிக்கல். இலங்கை முறையில் வாசல் ஒன்றல்ல, இரண்டு. முதல் வாசலில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால்தான் முல்லைத்தீவு, மன்னார்ப் பிள்ளைகள் கொழும்பின் வெட்டுப்புள்ளியைவிடக் குறைந்த புள்ளியோடும் உள்ளே வர முடிகிறது. வசதியில்லாத பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு அது நியாயமும்கூட. இரண்டாவது வாசல் உள்ளே இருக்கிறது. பொறியியல் பீடத்தில் பெரும்பாலானோர் முதலில் பொதுப் பாடங்கள் படிக்க வேண்டும். அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் துறை பிரிப்பார்கள். அங்கே மாவட்டம் கிடையாது. ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுப் பழகாத பிள்ளை, முதல் அரையாண்டில் தட்டுத் தடுமாறும்போதே கணினித் துறை கைநழுவிப் போய்விடலாம். ஆகவே எந்தக் கம்பஸ் என்பதோடு, அங்கே எந்தத் துறை கிடைத்தால் மனம் ஆறும் என்பதையும் யோசித்தாக வேண்டும்.

பேராதனையின் பீடம் 1950இல் கொழும்பில் பிறந்து, அறுபதுகளில் மகாவலிக் கரைக்கு வந்தது. சிவில் பொறியியல் என்றால் எனக்கு இன்றும் இதுதான் முதல். மண் பொறியியலில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களான ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு 1963இல் கட்டுரை எழுதிய துரைராஜா இங்கே பீடாதிபதியாக இருந்தவர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனார். பொறியியல் மாணவர் கலைப்பீட, மருத்துவபீட ஆட்களோடு பழக வாய்க்கும் வளாகம் இது. அந்தப் பழக்கம் பட்டச் சான்றிதழில் வராது, வாழ்க்கையில் வரும். கண்டி மழையைச் சகிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம் வயதில் இளையது. மூத்த இரண்டுக்கும் உள்ள பழைய மாணவர் வலை இதற்கு இன்னும் பின்னப்படவில்லை, வேலை தேடும்போது அந்தக் குறை தெரியும். ஆனால் இலவசக் கல்வியிலும் அறை வாடகையும் சாப்பாடும் இலவசம் இல்லையே! மஹாபொல புலமைப்பரிசில் காசு கொழும்புப் பக்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வடக்கில் வீடு இருக்கிறவருக்கு அந்தச் செலவு குறையும். இரண்டாவது வாசலில் நெரிசலும் மொறட்டுவை அளவுக்கு இராது.

ருகுணுப் பல்கலைக்கழகத்தின் ஹப்புகல பீடம், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒலுவில் பீடம் எல்லாம் பட்டியலில் அடுத்து வரட்டும். ஒலுவில் கிழக்குப் பிள்ளைகளுக்குக் கிட்ட என்பதால் அவர்கள் அதைக் கொஞ்சம் மேலேயும் ஏற்றலாம்.

சரி, நானாக இருந்தால்? கணினி மட்டும்தான் வேண்டும், போட்டிக்கும் பயமில்லை என்றால் மொறட்டுவை. எந்தத் துறையும் பரவாயில்லை, நல்ல பொறியியலாளராக வேண்டும் என்றால் பேராதனை. வீட்டு நிலைமை இறுக்கம் என்றால் கிளிநொச்சியை முதலில் போட வெட்கப்படவே மாட்டேன். ஒன்று மட்டும் கவனம்: புள்ளி போதுமாக இருந்தால் வரிசையில் மேலே இருப்பதுதான் கிடைக்கும். ஆகவே ஊர் வாய்க்காக முதலாம் இடத்தில் எதையும் எழுதாதீர்கள்.