ஜப்பானிய வணிகப் பண்பாட்டு அறிக்கை: மண்டபத்துக் கணவாய் வியாபாரியின் மதிப்பீடு

வெளிநாட்டுச் சந்தையில் இறங்க நினைக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காகச் சென்னையைச் சேர்ந்த ஓர் ஆலோசனை நிறுவனம் நாடுவாரியாக வணிகப் பண்பாட்டு அறிக்கைகளைத் தயாரித்து விற்கிறது. ஜப்பான் பற்றிய அறிக்கையும், அந்நாட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய ஒருவருடன் காணொலி வழியே ஒரு மணி நேரம் பேசும் வாய்ப்பும் சேர்த்து 45,000 ரூபாய். அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதிப் படகுகளிடம் கணவாய் வாங்கித் தூத்துக்குடிப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு அனுப்பிவரும் எங்கள் குடும்ப நிறுவனம், ஜப்பானிய இறக்குமதியாளர்களுடன் நேரடியாகத் தொடர்பு கொள்ள முடியுமா என்று பார்ப்பதற்காக இதை வாங்கியது. நான் குறிப்பிடப்போகும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை என்பதால் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

இப்படி ஓர் அறிக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் கரையில் இயல்பாகவே எழும். கொழும்பு, பினாங்கு, வளைகுடா நாடுகள் என்றால், அங்கே கடை வைத்திருந்த மாமாவோ மச்சானோ கீழக்கரையிலும் தொண்டியிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். யாரிடம் கடன் கொடுக்கலாம், எந்த மாதம் சரக்கு ஓடும், எந்தப் பேச்சை நம்பக் கூடாது என்பதையெல்லாம் ஒரு தேநீருக்குள் சொல்லிவிடுவார். ஜப்பானைப் பற்றிக் கேட்க அப்படி ஒரு மாமா எங்களுக்கு இல்லை. இந்த அறிக்கை அந்த மாமாவின் இடத்தை எவ்வளவு தூரம் நிரப்புகிறது என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

முதல் பகுதி பழகும் முறை பற்றியது. முகவரி அட்டையை இரு கைகளாலும் கொடுத்து வாங்குவது, வாங்கிய அட்டையைப் படித்துப் பார்த்துக் கூட்டம் முடியும் வரை மேசைமீதே வைத்திருப்பது, சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே சென்றுவிடுவது, யாரென்று தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலைவிட இருவருக்கும் தெரிந்த ஒருவரின் அறிமுகத்துக்கு அங்கே மதிப்பு அதிகம் என்பது ஆகியவை படங்களோடு தெளிவாக எழுதப்பட்டுள்ளன. எல்லாம் சரியான செய்திகள்தாம்; ஆனால் இணையத்தில் அரைமணி நேரம் தேடினால் இவற்றில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கும். இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது எங்கள் நிறுவனத்தை நடத்தும் பெரியப்பா, "கார்டை ரெண்டு கையால குடுக்குறது இருக்கட்டும் தம்பி, கணவாயை எப்ப கேப்பான், எவ்வளவு கேப்பான்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். அதற்கான பதில் அறிக்கையில் இல்லை.

முடிவெடுக்கும் முறையை விளக்கும் இரண்டாம் பகுதியே இவ்வறிக்கையின் சிறந்த பகுதி. ஜப்பானிய நிறுவனத்தில் ஒரு புதிய கொள்முதல் யோசனை, கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, அதனால் பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி ஒத்துக்கொள்ள வைக்கப்படுகிறது. பிறகு அது ஓர் ஆவணமாகக் கீழ்நிலை அலுவலரிடமிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு மேலாளரின் முத்திரையையும் பெற்று மேலே செல்கிறது. ஆகவே கூட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அந்த இடத்திலேயே விலையை முடித்துத் தரமாட்டார், அவரை வற்புறுத்துவது அவரைச் சங்கடத்தில் தள்ளும் என்பதையும், "ஆலோசித்துச் சொல்கிறோம்" என்ற பதில் பெரும்பாலும் மறுப்பாகவே இருக்கக்கூடும் என்பதையும் அறிக்கை பொறுமையாக விளக்குகிறது. ஏலக் கூடத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் விலை முடித்துப் பழகிய எங்களுக்கு இது மிகவும் தேவைப்பட்ட பாடம். முத்திரைகள் எல்லாம் விழுந்தபின் வேலை வேகமாக நடக்கும் என்றும், அதன்பின் விலையையோ அளவையோ மாற்றச் சொல்லும் விற்பனையாளர் நம்பிக்கையை இழப்பார் என்றும் எழுதியிருப்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து வருவது எண்களின் பகுதி. நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் நெதர்லாந்து அறிஞர் ஹோஃப்ஸ்டீடின் அளவீட்டை எடுத்து, நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கில் ஜப்பானுக்கு 92, இந்தியாவுக்கு 40 என்று வண்ண வரைபடம் போட்டிருக்கிறார்கள். இந்த அளவீட்டின் அடித்தளம் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு என்பதை அறிக்கை எங்கும் சொல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு கணினி நிறுவனத்தின் ஊழியர்கள் அளித்த பதில்களைக் கொண்டு, இன்று மீன் வாங்கும் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிப்பதற்கு எல்லை உண்டு. வாங்குபவர் ஒரே சான்றிதழை ஏன் மூன்று முறை கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள அந்த 92 ஓரளவு உதவும். அதற்கு மேல் உதவாது.

அறிக்கையின் பெரிய குறை, தரத்தையும் சட்டத்தையும் பண்பாட்டிலிருந்து பிரித்து, "இவை எங்கள் ஆய்வு வரம்புக்கு அப்பாற்பட்டவை" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதுதான். கடல் உணவு விற்பவருக்கு ஜப்பானிய வணிகப் பண்பாடு என்பதே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கணவாயைப் பச்சையாகவே உண்ணும் நாடு அது; சதையில் மை படிந்த தடம், உரிபடாமல் விட்டுப்போன தோல், ஒட்டிய மணல், ஒரே பெட்டியில் கலந்துவிட்ட இரு வேறு அளவுகள் ஆகிய ஒவ்வொன்றும் அவர்கள் பார்வையில் விற்பவரின் குணத்துக்கு அத்தாட்சி. பெட்டியில் ஒரு நூல் இழை கிடந்தது என்று புகார் வந்தால் விலையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று நாம் சொல்வது அங்கே தீர்வாகாது. அது எப்படி உள்ளே வந்தது, மீண்டும் வராமலிருக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் கேட்பார்கள்.

சட்டமும் இதே மனப்போக்கில்தான் அமைந்திருக்கிறது. 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தனியாக வரம்பு குறிக்கப்படாத வேளாண் வேதிப்பொருள் எதுவாயினும் உணவில் 0.01 பிபிஎம்முக்கு (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கக் கூடாது. 2012இல் இந்திய இறால் இந்த விதியில்தான் சிக்கியது. தீவனத்தில் சேர்க்கப்பட்டிருந்த எத்தாக்ஸிகுயின் என்ற பதப்படுத்தும் பொருளுக்கு இறாலில் தனி வரம்பு இல்லாததால் 0.01 பிபிஎம் என்ற பொது வரம்பே பொருந்தியது; 2014இல் அது 0.2 ஆகத் தளர்த்தப்பட்டது. கடலில் பிடிபடும் கணவாய்க்குத் தீவனச் சிக்கல் இல்லை என்றாலும், ஆவணம் இல்லாத நல்ல சரக்கை அங்கே நல்ல சரக்காக எண்ணமாட்டார்கள் என்பதை எந்த வரைபடத்தையும்விட இந்த ஒரு நிகழ்வு நன்றாகப் புரியவைக்கும். இதைச் சேர்க்காமல் முகவரி அட்டைக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியது அறிக்கையை எழுதியவர்கள் மென்பொருள் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியதைக் காட்டுகிறது.

நாட்காட்டி விஷயத்திலும் இதே போதாமைதான். ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை நீளும் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகை, ஆண்டு இறுதி ஆகியவற்றை அறிக்கை குறித்திருக்கிறது. நிதியாண்டு நம்மைப் போலவே ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது என்றும், அந்த மாதத்தில் ஊழியர்கள் பிரிவு மாற்றப்படுவது வழக்கம் என்றும் சொல்கிறது. எங்கள் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடைக்காலம் முடிந்தாலும் இப்பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில்தான் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம்மோடு பேசிவந்த அலுவலர் வேறு பிரிவுக்கு மாறுவதும், நம்மிடம் சரக்கு இல்லாமல் போவதும் ஒரே பருவத்தில் நிகழக்கூடும் என்பது தெரியும். தடையில்லாத வரத்தை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கும் வாங்குபவரிடம் இதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் தொழிலைப் பற்றி ஒரு படிவத்தில் அத்தனை கேள்விகள் கேட்டு வாங்கிய நிறுவனம், இந்த ஒப்பீட்டைச் செய்துகொடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீண்டகால உறவு, வாய்ச்சொல்லின் பெறுமதி, இடையில் நிற்கும் அறிமுகக்காரரின் பொறுப்பு ஆகியவற்றை இந்தியர்களுக்கு அந்நியமான பண்புகளாக அறிக்கை விவரிக்கிறது. படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்து, அவர் பிடிப்பை ஆண்டாண்டாக வாங்கி, வலை கிழிந்த பருவத்திலும் கைவிடாமல் நிற்கும் எங்கள் கரை வியாபாரமும் இந்த அடித்தளத்தில்தான் நடக்கிறது. அதை எழுத்தில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்பதே வேறுபாடு.

அந்த ஒரு மணி நேர உரையாடல் மட்டும் கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்தது. பேசியவர் எங்கள் மாதிரிப் பெட்டியின் படங்களைப் பார்த்துவிட்டு, விலைப்பட்டியலை அனுப்பும் முன் ஆலையின் தூய்மை நடைமுறை, அளவு வகைப்பாடு, குளிர்நிலைப் பதிவு ஆகியவற்றை அனுப்புங்கள் என்றார். முதல் ஆண்டில் பெரிய அளவை எதிர்பார்க்காமல் ஒரே அளவுச் சரக்கைச் சிறிதாக, தவறாமல் கொடுங்கள் என்றார். டோக்கியோவில் காலை 9 மணி என்பது இங்கே 5.30, படகுகளிலிருந்து சரக்கை இறக்கும் பரபரப்பில் நாங்கள் தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிடும் நேரம் அதுதான் என்பதைக் கேட்டறிந்து, அந்நேரத்தில் பதில் சொல்ல ஒருவரைத் தனியே அமர்த்தச் சொன்னதும் அவரே.

வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. 1958இல் தொடங்கப்பட்ட ஜப்பானிய வெளிநாட்டு வர்த்தக அமைப்பான ஜெட்ரோவுக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு. அதன் இணையதளத்தில் உணவு இறக்குமதி விதிகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. கடல் உணவு ஏற்றுமதிக்கு, கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பீடாவின் பதிவு எப்படியும் தேவை. பதிவு செய்யும்போதே ஜப்பானியச் சந்தை பற்றிய விவரங்களையும் கேட்கலாம். 2011 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் தங்கள் பொருளுக்குச் சலுகை உண்டா என்பதைச் சுங்க வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தாங்களே பார்க்க வேண்டும். கணவாய்க்கு அது 0307 தலைப்பின்கீழ் வரும். அறிக்கை "வரிகள் குறைந்துள்ளன" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

மென்பொருள், பொறியியல், பயிற்சி போன்ற சேவைகளை விற்பவர்களுக்கு இவ்வறிக்கையைத் தயக்கமின்றிச் சொல்வேன். மீன், கடற்பாசி, முண்டு மிளகாய் என்று விளைபொருள் விற்பவர்கள் முழுத் தொகுப்பை வாங்க வேண்டியதில்லை. உரையாடலை மட்டும் தனியே தருவீர்களா என்று கேட்டபோது, விலைப்பட்டியலில் இல்லாவிட்டாலும் 15,000 ரூபாய்க்குத் தர இயலும் என்று அந்த நிறுவனம் மின்னஞ்சலில் பதில் எழுதியிருக்கிறது, கேட்டால்தான் சொல்கிறார்கள்.