ஜீப்ராவுக்கு முன்னால் நிற்கும் கார்: தி.நகருக்கு எந்தத் தீர்வு சரி?

கடைவீதியில் ஜீப்ரா கிராஸிங் பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அப்போ கஸ்டமர் வண்டியை எங்கே விடுவாங்க?" நியாயமான கேள்விதான். வாடகையும் ஆள் சம்பளமும் கொடுத்துக் கடை நடத்துகிறவருக்கு வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டியும் ஒரு வியாபாரம். ஆனால் கிராஸிங்கை ஒட்டி நிற்கும் காரின் உயரம் ஒன்றரை மீட்டர். ஏழு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர். காரின் மறைவிலிருந்து அந்தக் குழந்தை சாலையில் காலெடுத்து வைக்கும்வரை, வருகிற ஓட்டுநருக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது.

தி.நகரை வைத்தே பார்ப்போம். ஆட்கள் ஆபத்தில்லாமல் சாலையைக் கடக்க இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் அங்கே சில தெருக்களுக்குள் பார்த்துவிடலாம்.

முதல் வழி, பார்க்கிங்கைத் தொடாமல் கோடு மட்டும் போடுவது. செலவு பெயின்ட்டோடு முடிந்தது, கடைக்காரர்களும் எதிர்க்க மாட்டார்கள். ஆபத்தும் இதில்தான் அதிகம். பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டுக் கணக்குப்படி, மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும், 32 கி.மீ. வேகத்தில் வந்தாலும் 12 மீட்டர். ஐந்து மீட்டர் தூரத்தில் திடீரென்று ஆள் வெளிப்பட்டால் இரண்டு வேகத்திலும் பிரேக் உதவாது. கோட்டை நம்பி இறங்குகிறவருக்கு வெறும் தைரியம்தான் மிச்சம்.

அடுத்தது, ஆட்களை மேலே ஏற்றிவிடுவது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை நல்ல வேலை. லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு. ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு அது வரம். ஆனால் எதிர்ச்சாரியில் இருக்கும் பாத்திரக் கடைக்குப் போக யாரும் படியேறி இறங்க மாட்டார்கள். மூட்டுவலிக்காரரை மாடி ஏற்றி, கார் தரையிலேயே தடையில்லாமல் போக வழிவிடுவதை ஒரு கடைவீதிக்கான தீர்வாக என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது, பாண்டி பஜார் வழி. 2019-ல் பனகல் பூங்கா பக்கமிருந்து நடைபாதையை அகலமாக்கினார்கள். வண்டிகளுக்காகத் தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி பார்க்கிங் வந்தது. சாயங்காலம் அங்கே குடும்பமாக நடக்கிறவர்களைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் அதற்குக் கோடிக்கணக்கில் பணமும், பக்கத்திலேயே காலி நிலமும் வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிகளில் அப்படி இடத்துக்கு எங்கே போவது? இன்னொன்று, ஒரு அட்டை மாத்திரை வாங்க வந்தவர் அடுக்குமாடிக்குள் வண்டியை ஏற்ற மாட்டார். பக்கத்துச் சந்தில் சொருகிவிட்டுத்தான் வருவார்.

என் ஓட்டு நான்காவது வழிக்கு: பார்க்கிங் இருக்கட்டும், கிராஸிங்குக்கு முந்தைய சில மீட்டர் மட்டும் காலியாக இருக்கட்டும். கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. வண்டி வரும் பக்கம் 20 அடி, அதாவது ஆறு மீட்டர். நியூ ஜெர்சியின் ஹோபோகன் நகரம் பல ஆண்டுகளாகத் தெருமுனைகளை இப்படிக் காலியாக்கி வந்தது. 2017 தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுவதால், ஓரத்தில் நிற்கிறவருக்கு வலப்பக்கம் நிறுத்திய வண்டிதான் பார்வையை மறைக்கும். முதலில் அதை எடுத்தால் போதும். ஒரு கிராஸிங்குக்கு இரண்டு சாரியிலும் சேர்த்து இரண்டு கார் இடம், மிஞ்சினால் மூன்று. அவ்வளவுதான் இழப்பு.

சென்னையில் காலி இடம் விட்டால் அரைமணியில் பைக்குகள் நிரம்பிவிடும் என்பது உண்மை. அதனால் பெயின்ட் போதாது. நடைபாதையையே அந்த இடத்துக்கு நீட்டி, கல் தூண் நட வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு மீட்டர் நீட்டினால் கடக்கும் தூரம் நான்கு மீட்டர் குறையும். மெதுவாக நடக்கும் பாட்டிக்கு அது நான்கைந்து வினாடி. மழைநீர் வடிகாலின் வாயை மட்டும் அடைத்துவிடக் கூடாது, தி.நகரில் தண்ணீர் நிற்கும் கதை எல்லாருக்கும் தெரியும்.

போன இடத்தை மீட்கவும் வழி இருக்கிறது. காலையில் ஷட்டர் தூக்கும்போது வரும் முதல் பைக்குகள் பல கடை முதலாளிகளுடையதும் ஊழியர்களுடையதும்தான், இரவுவரை நகராது. அவற்றைத் தள்ளி நிறுத்த ஏற்பாடு செய்து, வாசலில் நேரக் கணக்கில் கட்டணம் வைத்தால் அதே இடத்துக்கு நாள் முழுக்க வாடிக்கையாளர் மாறிக்கொண்டே இருப்பார். காரில் வருகிறவர்களைக் கடைக்காரர்கள் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரக் கடைவீதிகளில் கடைக்காரர்களைக் கேட்டபோது 41 சதவீதம் பேர் காரில் வருவதாகச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் 22 சதவீதம்தான். தி.நகரிலும் முதலில் எண்ணிவிட்டுப் பேசலாம். சரக்கு இறக்கும் குட்டியானைகளுக்குக் கூட்டம் சேருமுன் காலையில் நேரம் ஒதுக்கலாம்.

முனையில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவை எழுப்பவே தேவையில்லை. கூடை தரையோடு இருக்கிறது, யார் பார்வையையும் மறைக்காது. கூரை போட்ட தள்ளுவண்டியை மட்டும் இருபது அடி தள்ளிப் போடச் சொன்னால் போதும்.