கம்பர்லேண்ட் கணவாயில் எட்டு ஆண்டு நடை

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக்குக் குடிவந்த இந்த எட்டு ஆண்டுகளில் கம்பர்லேண்ட் கணவாய்ப் பாதையில் இருபது முறையாவது நடந்திருப்பேன். அப்பலாச்சியன் மலையைத் தாண்டி கென்டக்கிக்குக் குடியேறியவர்கள் போன வழி இது. 1775 முதல் 1810 வரை இரண்டு, மூன்று லட்சம் பேர் போயிருக்கிறார்கள் என்பது கணிப்பு.

முதல் தடவை ஏமாற்றமாக இருந்தது. கணவாயின் உயரம் சுமார் 1,600 அடிதான். பெரிதாக மூச்சு வாங்கவில்லை. கிழக்கே வெள்ளைப் பாறைகளின் மேல் ஏறி நின்றபோதுதான் அதன் அருமை விளங்கியது. மதில் எழுப்பியதுபோல் மலை நீண்டுகொண்டே போகிறது. அதில் ஆள் நுழைய ஒரு பள்ளம் கிடைத்ததே பெரிது. கீழே வந்தவர்களுக்கு அந்தப் பாறைதான் அடையாளம்: அது தெரிந்தால் கணவாய்க்கு இன்னும் ஒரு நாள் நடை.

வேட்டைக்காரரும் வழிகாட்டியுமான டேனியல் பூன் கண்டுபிடித்த வழி என்று பலரும் சொல்வது சரியல்ல. காட்டெருமைகளும், பிறகு செரோக்கி, ஷானி பழங்குடி மக்களும் நடந்த தடம் இது. நான் கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். 1775-ல் பூன் சுமார் முப்பது கோடாரிக்காரர்களோடு வந்து அந்தத் தடத்தைத் துலக்கி நீட்டினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு குடும்பத்தோடு புறப்பட்டபோது, வழியில் நடந்த தாக்குதலில் அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ் இறந்தான். வயது 16. அதன்பிறகும் அதே வழியில் வந்திருக்கிறார். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

1796 வரை இதில் வண்டி ஓடவில்லை. உப்பும் விதையும் இரும்புச் சட்டியும் பொதிக்குதிரைமேல்; மனிதர்கள் பெரும்பாலும் நடந்துதான் போனார்கள். ஒரு மார்ச் மாதம், மழை விட்ட மறுநாள், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். ஈர இலை வழுக்கி இரண்டு முறை முழங்கால் ஊன்றினேன். கைக்குழந்தையோடு இருநூறு மைல் நடந்த தாய்மார்களை அன்றைக்குத்தான் உண்மையாக நினைத்துப் பார்த்தேன்.

1996-ல் மலைக்கடியில் சுரங்கச்சாலை திறந்தபின், மேலே ஓடிய நெடுஞ்சாலையின் தாரைப் பெயர்த்து, மண் நிரப்பி, மரம் நட்டு, கணவாயைப் பழைய உருவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் பார்க்கப் பார்க்க அந்த மரங்களின் நிழல் கூடியிருக்கிறது.

கணவாய்க்கு மேலே உள்ள பினக்கிள் முகட்டுக்குக் காரிலேயே போகலாம். காலையில் பனிமூட்டம் கலையும்வரை காத்திருங்கள். என்னைக் கேட்டால் நவம்பர்தான் நல்ல மாதம். இலை உதிர்ந்து மலைமடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்.